பூச்சும் பொய்யும்

இரும்பு பிடித்தவன் கையும் சிரங்கு பிடித்தவன் கையும் சும்மா இராது என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். இரும்புச் சாமான் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் எதையாவது தட்டவோ, கீறவோ, குத்தவோ தோன்றும் என்பது அதன் பொருள். அரிவாளையும் கடப்பாரையையும் நினைத்துச் சொன்ன வார்த்தை அது. பழைய ஜீப் வண்டி ஒன்றை வாங்கி வீட்டுக் கொல்லையில் நிறுத்திக்கொண்டு, இரண்டு மூன்று வருஷம் ஓயாமல் சுரண்டிக்கொண்டும் உரசிக்கொண்டும் இருக்கிற மனிதர்களைப் பார்த்திருந்தால், அந்தப் பாட்டிமார் பழமொழியை இன்னும் கொஞ்சம் நீட்டியிருப்பார்கள்.

இப்படிப்பட்டவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் சிரித்ததில்லை, பொறாமைப்பட்டதுண்டு. கதை எழுதுகிறவனுக்குத் தன் வேலை நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய சுத்தியல் ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு உண்டு. தகட்டை லேசாகத் தட்டினால் நல்ல இரும்பு 'கிணீர்' என்கிறது. அரித்துப் போன இரும்பு 'சொத்' என்கிறது. விமரிசகர் தேவையில்லை.

ஆனால் இந்த வேலைக்குள் ஒரு தர்மசங்கடம் ஒளிந்திருக்கிறது. அது ஜீப்போடு நிற்கிற சமாசாரமும் அல்ல. எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது? மறைப்பதற்கும் காப்பதற்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது? பெரிய பெரிய நூல்களில் தேடவேண்டிய கேள்விதான். எனக்கு அது ஒரு வேப்பமரத்தடியில் கிடைத்தது.

அதற்கு முன் ஜீப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. இரண்டாவது உலக யுத்தத்துக்காக அமெரிக்கா அவசரம் அவசரமாகப் பெற்ற பிள்ளை அது. 1940-இல் முதல் மாதிரி வண்டி. 1941-லிருந்து வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் செய்து தள்ளிய வண்டிகள் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டன. சண்டையில் எத்தனை நாள் உயிரோடு இருக்குமோ என்று செய்த வண்டி. துருப்பிடிக்காமல் ஐம்பது வருஷம் ஓடவேண்டும் என்று அதைச் செய்தவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் சர்ச்சைகூட 1948-இல் இராணுவத்துக்கு ஜீப் வாங்கிய விவகாரத்தில்தான் எழுந்தது. 1955-இல் அரசாங்கம் அந்தக் கட்டை மூடிவிட்டது. இதற்கிடையில் 1947-லிருந்தே மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கிவிட்டது. அப்புறம் ஜீப் நம் நாட்டு மண்ணில் ஒன்றிப்போயிற்று. வட்டார வளர்ச்சி அதிகாரி வந்தாலும் ஜீப், தேர்தல் வந்தாலும் ஜீப், போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏறினாலும் ஜீப். பத்துப் பேர் உட்காரவேண்டிய இடத்தில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதை அந்தப் பக்கத்து ஜனங்கள் சொன்னால்தான் நம்பமுடியும்.

எனக்குத் தெரிந்த ஜீப் தூத்துக்குடியில் இருந்தது. 1968-ஆம் வருஷத்து வண்டி. மூக்கு கொஞ்சம் உயர்ந்த சி.ஜே. 3பி மாடல். அதன் முதல் இருபது வருஷ உத்தியோகம் உப்பளத்தில். இதைவிட மோசமான ஜாதகம் ஓர் இரும்புக்கு இருக்க முடியாது. இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு நடுவில் புகுந்துவிட்டால் அது தரகன் மாதிரி, காரியத்தைப் பத்து மடங்கு சுறுசுறுப்பாக நடத்தி வைக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளுமாகையால், மழை பெய்யாத நாளிலும் வண்டிக்கு உள்ளூர மழைதான்.

வண்டியை வாங்கியவர் என் நண்பர். பள்ளிக்கூடத்தில் இரசாயனம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சார்வாள்'. சின்ன வயசில் உப்பளத்துச் சாலையில் அந்த ஜீப் தூசி கிளப்பிக்கொண்டு போவதைப் பார்த்து வாய் பிளந்து நின்றவராம். அறுபது வயதில் அது பழைய இரும்புக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டு அம்மாள் ஒரு வாரம் பேசவில்லை.

வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. டிங்கர் வேலை தெரிந்த ஒரு மேஸ்திரி வருவார். மற்ற நாட்களில் சார்வாள் தனியாகச் சுரண்டுவார். நான் அந்த ஊருக்குப் போனபோதெல்லாம் வேப்பமரத்தடியில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சுரண்டச் சுரண்ட அந்த வண்டி தன் சரித்திரத்தைச் சொல்லிற்று. மேல் வண்ணம் பச்சை. அதற்கடியில் வெள்ளை. அதற்கும் அடியில் மறுபடி பச்சை. அதற்குக் கீழே பட்டி. ஓரிடத்தில் பட்டி அரை அங்குலக் கனம். அதைப் பெயர்த்தால் உள்ளே கோணிச் சாக்குத் துண்டு. சாக்கைப் பிடுங்கினால் பின்னால் ஒன்றுமே இல்லை, ஆகாசம்!

"சார்வாள், இதிலே இரும்பு எங்கே இருக்குன்னு தேடணும். இது ஜீப்பு இல்லே, காகிதக்கூழ் பொம்மை" என்றார் மேஸ்திரி.

தரையின் கதை இன்னும் மோசம். ஜீப்பின் தரைத் தகட்டுக்கு அடியில் பலத்துக்காகத் தொப்பி மாதிரி மடித்த சட்டங்களைக் குறுக்கே வைத்திருப்பார்கள். அந்த மடிப்புக்குள் சேறும் உப்பும் புகுந்தால் வெளியே வர வழியில்லை. பெட்ரோல் டாங்க் டிரைவர் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. அதற்கும் தரைக்கும் இடையில் மண் அடைந்து, ஈரத்தைக் கைக்குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு கிடந்தது. நீர் வடிவதற்கு வைத்த துளைகளை யாரோ ஒரு புத்திசாலி தாரால் அடைத்திருந்தான். வெளியே இருந்து நீர் வரக்கூடாது என்று அடைத்தானாம். உள்ளே இருந்த நீர் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. முதலில் தார், பிறகு ஆணி அடித்து ஒட்டுப்போட்ட தகரம், பிறகு கண்ணாடி நாரும் பிசினும், கடைசியாகப் பட்டி. உரிமையாளருக்கு ஒன்று என்று கணக்கு வைத்தால் நாலு பேர் கைவரிசை.

துருவின் சுபாவத்தை இங்கே சொல்லவேண்டும். அலுமினியத்தின் மேல் படியும் களிம்பு மெல்லியதாக, கெட்டியாக ஒட்டிக்கொண்டு அடியில் இருப்பதைக் காக்கும். இரும்பின் துரு அப்படிப்பட்டதல்ல. அது பொருபொருவென்று உதிரும், உதிர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றுக்குக் கிடைக்கும், அதுவும் துருவாகும். அன்றியும், துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும், இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரையில். அதனால்தான் பூச்சு கொப்புளிக்கிறது, இரண்டு தகடுகள் சேரும் இடம் வாய் பிளக்கிறது. வண்ணத்தின் மேல் ஒரு பயறளவு கொப்புளம் தெரிந்தால் அடியில் உள்ளங்கை அகலம் அரித்திருக்கும் என்பது டிங்கர்களின் கணக்கு. டில்லியில் குதுப் மினாருக்குப் பக்கத்தில் நிற்கிற இரும்புத் தூண் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு வருஷமாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறதே என்று கேட்கலாம். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே படிந்த துருவே மெல்லிய கவசமாகிவிட்டது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து சொன்னார். அந்தப் பாக்கியம் ஜீப்புக்கு இல்லை.

ஆகவே வெட்டுவது ஒன்றுதான் வழி. 'சொத்' என்று சொன்ன இடத்திலிருந்து ஆரம்பித்து, பளபளவென்று நல்ல இரும்பு தெரிகிற வரையில் வெட்டிக்கொண்டே போகவேண்டும். மனம் வராது. ஓர் அங்குலம் மிச்சம் பிடிக்கத் தோன்றும். அந்த ஓர் அங்குலத்திலிருந்துதான் மறுபடி எல்லாம் ஆரம்பிக்கும். வெட்டிய இடத்தில் 18 கேஜ் தகடு, அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் கனம், வளைத்து வைத்துப் பற்றவைத்தார்கள். சின்னச் சாமான்களுக்கு வேறு வைத்தியம். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாக் கரைசல். துருப்பிடித்த சாமானைப் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும் வீணான இரும்பு ஒன்றை நேர்முனையிலும் கட்டித் தொங்கவிட்டால், ராத்திரி முழுவதும் குமிழி விட்டு, காலையில் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வரும். வீணான இரும்பு என்றால் சாதாரண இரும்புதான். எவர்சில்வரைக் கட்டிவிட்டால் அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகிவிடும். குமிழியாக வருவது ஹைட்ரஜன். ஆகையால் திறந்தவெளியில்தான் செய்யவேண்டும். சார்வாள் இதை எனக்கு வகுப்பு மாதிரியே சொல்லிக்கொடுத்தார்.

சுரண்டியும் போகாத துருவுக்குக் கடையில் ஒரு திரவம் விற்கிறார்கள். பூசினால் செந்துரு கருநீலமாக மாறி இறுகிவிடுகிறது. "இது என்ன தெரியுமா? நம்ம தாத்தா காலத்து மை" என்றார். வாஸ்தவம்தான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்புச் சத்தோடு சேர்ந்தால் கறுப்பு. இந்தத் திரவத்திலும் அதே துவர்ப்புச் சரக்குதான்; இரும்பை மட்டும் துரு கொடுக்கிறது. கதை எழுதுகிறவர்களும் டிங்கர்களும் ஒரு குடும்பம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இன்னொரு வேடிக்கை: வீட்டுக் கம்பிக் கதவுக்கெல்லாம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுகிறோமே ரெட் ஆக்ஸைடு, அதன் சிவப்பே இரும்பு ஆக்ஸைடுதான். துருவின் ஒன்றுவிட்ட சகோதரனைக் காவல் வைக்கிறோம்.

வெளித் தகடுகளுக்கு அது போதும் என்று சொன்ன மேஸ்திரி, அடிச் சட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சு வேண்டும் என்றார். துத்தநாகம் இரும்போடு ஒட்டியிருக்கிற வரையில், அரிப்பு முதலில் துத்தநாகத்தைத்தான் தின்னும். அது தீர்ந்த பிறகுதான் இரும்பின்மேல் வாய் வைக்கும். இந்த இடத்தில் துத்தநாகத்தைத் தாயுள்ளத்துக்கு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுத எந்தக் கதாசிரியனுக்கும் கை துறுதுறுக்கும். நான் எழுதப்போவதில்லை. அது ஓர் உலோகம். அதற்குத் தியாகம் செய்கிற உத்தேசம் ஒன்றும் கிடையாது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். துருவின் மேலேயே பூசிய பச்சையும், துருவை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகட்டின் மேல் பூசிய பச்சையும் ஒரே டப்பாவிலிருந்து ஒரே தூரிகையால் வந்தவைதான். பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அப்படியிருக்க, ஒன்றைப் பொய் என்றும் மற்றதைக் காப்பு என்றும் எதைக்கொண்டு சொல்லுகிறோம்?

எண்ணத்தைக்கொண்டு என்று சட்டென்று பதில் வரும். ஏமாற்ற நினைத்துப் பூசினால் பொய். ஆனால் சாக்கை வைத்துப் பட்டி பார்த்த அந்த மனிதனை நான் நினைத்துப் பார்க்கிறேன். அவன் ஏமாற்ற நினைத்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கையில் பணமில்லை, ஐப்பசி மழை வந்துவிட்டது, வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இந்த மழை போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று செய்திருப்பான். அவன் பொய்யன் அல்ல, தவணை கேட்டவன். அடுத்த வருஷம் கையில் பணம் வந்திருக்கும், வண்டியும் பார்வைக்கு நன்றாக இருந்திருக்கும், மறந்திருப்பான். பிறகு விற்றிருப்பான். அவன் வாங்கிய கடன் அடுத்தவன் தலையில் விழுந்தது. இப்படித்தான் பெரும்பாலான பொய்கள் உற்பத்தியாகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றைச் சொன்னவர் என்று ஒருவரையும் பிடிக்க முடியாது.

உண்மை ஒரு நாள் வெளிவந்தே தீரும் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்லுகிறார்கள். வெளிவரும். துருவைப் போல நிச்சயமாக உண்மையை வெளியிடுகிற சாட்சி வேறு இல்லை. ஆனால் யார் கையில் இருக்கும்போது வெளிவரும் என்பதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. பூசியவன் விற்றுவிட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆன பிறகு, மூன்றாவதாக வாங்கியவன் மலைச்சாலையில் திரும்பும்போது வெளிவரும். பூசியவன் அன்றைக்கு வீட்டில் நிம்மதியாகக் காபி சாப்பிட்டுக்கொண்டிருப்பான். உண்மை வெல்லும் என்பது பூசியவனுக்கு ஒரு பயமும் தருவதில்லை. ஏறி உட்கார்ந்தவனுக்கு ஓர் ஆறுதலும் தருவதில்லை. ஆகையால் இந்த விஷயத்தைக் காலத்தின் கையில் விட்டுவிட முடியாது.

சார்வாளுக்கு இந்தக் கேள்வி சும்மா சிந்தனை செய்வதற்காக வரவில்லை. அவர் வீடு கடலுக்குப் பக்கம். நாற்பது வருஷத்து மொட்டைமாடித் தளம். கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பிகள் உப்புக் காற்றில் துருவேறிப் பருத்து, கீழ்ப்பக்கக் காரையைப் பாளம் பாளமாகத் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு நாள் முன் கூடத்தில் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு, யாரும் இல்லாத நேரத்தில் விழுந்தது. "ஜீப்புத் துருவைச் சுரண்டியாச்சு. தலைக்குமேலே இருக்கிற துருவை எப்பங்க சுரண்டப் போறீங்க?" என்று அம்மாள் கேட்டார். நியாயமான கேள்வி. ஜீப்பை விற்றுத் தளம் போடுவது என்று தீர்மானமாயிற்று.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மனைவி, இரண்டு குழந்தைகளோடு வால்பாறைப் பக்கம் ஓட்டுவதற்கு ஜீப் வேண்டுமாம். அந்தப் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வண்டியைச் சுற்றி வந்தார்; போனெட்டைத் தடவினார். "புது வண்டி மாதிரியே இருக்கு சார்" என்றார். நாலரை லட்சம் என்று பேச்சு முடிந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவர் கேட்காத இடம் ஒன்று இருந்தது. பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் தொங்குகிற இடத்தில் அடிச் சட்டம் ஒரு முழ நீளத்துக்கு அரித்திருந்தது. அதை வெட்டிப் புதுத் துண்டு வைத்து, இரண்டு பக்கமும் பட்டை கொடுத்துப் பற்றவைத்திருந்தார்கள். நல்ல வேலை. பழையதைவிடப் பலம் என்று மேஸ்திரி சத்தியம் செய்வார். அதன்மேல் துத்தநாகம், அதன்மேல் கறுப்பு. வெளியே தெரியாது. சார்வாள் என்ன செய்தார் தெரியுமா? கோணியை விரித்து, டார்ச்சு விளக்கைக் கையில் கொடுத்து, "தம்பி, கொஞ்சம் அடியிலே வந்து பாருங்க" என்றார். வந்தவர் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "வீட்டிலே கலந்துக்கிட்டுச் சொல்றேன் சார்" என்றார். சொல்லவில்லை.

அன்று ராத்திரி அந்த வீட்டில் நடந்த பேச்சை மறுநாள் சார்வாளே என்னிடம் சொன்னார். அம்மாளின் முதல் வாதம் எளியது. பொய் சொல்லச் சொல்லவில்லையே. சரி பண்ணின ஒன்றை எதற்காகக் காயத்தைத் திறந்து காட்டுகிற மாதிரி காட்டவேண்டும்? இரண்டாவது வாதம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அந்த அம்மாளின் தங்கைக்குப் பத்தொன்பது வயதில் காசநோய் வந்தது. மருந்து சாப்பிட்டு முற்றிலும் குணமாகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்துப் பெண் பார்க்க வந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் நடந்தது. இன்றைக்கு அவருக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். "அன்னிக்கு நீங்களுந்தானே சபையிலே மூத்த மாப்பிள்ளைன்னு முதல் வரிசையிலே உட்கார்ந்திருந்தீங்க? அன்னிக்கு எந்த டார்ச்சு லைட்டை எடுத்துக் கொடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

சார்வாள் பதில் சொல்லவில்லை.

அவருக்காக நான் யோசித்துப் பார்த்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிற பழமொழியைத் துணைக்குக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆயிரத்தில் குடிகாரப் பையனை உத்தமன் என்று சொன்ன பொய்யும் சேரும். அது பட்டி, சந்தேகமில்லை. தங்கையின் கதை வேறு. வெட்டி எடுத்துப் பற்றவைத்த கேஸ் அது. காசநோய்க்காரரை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம், வீட்டில் உள்ளவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று 1956-இல் சென்னையில் ஆரம்பித்த ஆராய்ச்சி நிலையம் 1959-லேயே உலகத்துக்குக் காட்டியது. விஞ்ஞானத்துக்குத் தெரிந்துவிட்டது, சபைக்குத் தெரியவில்லை. சபையில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? யாரும் டார்ச்சு விளக்கை எடுத்துக்கொண்டு நுரையீரலைப் பார்க்கப் போவதில்லை. டாக்டர் சீட்டைக் கேட்கப் போவதில்லை. பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். போகிற வழியில் நாலு தெருவுக்குச் சொல்லியிருப்பார்கள்.

ஜீப்பை வாங்க வந்தவரும் எழுந்து போனார், வாஸ்தவம். ஆனால் அவருக்குப் பார்க்கும் சக்தி இருந்தது. வேண்டுமானால் தமக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டுவந்து தட்டிப் பார்த்திருக்கலாம். அவர் வேண்டாம் என்றதில் வண்டிக்கு ஒரு அவமானமும் இல்லை. இரும்புக்கு மானம் கிடையாது. பெண்ணுக்கு உண்டு. குணமான நோயைத் தன் கணவனிடம் சொல்லுவதா, எப்போது சொல்லுவது என்பது அவளுடைய உரிமை. தாம்பூலத் தட்டுக்கு எதிரே மூத்த மாப்பிள்ளை எழுந்து நின்று அறிக்கை வாசிப்பதற்கான விஷயம் அல்ல. ஆனால் நாலு பேர் ஏறி உட்காரப் போகிற அடிச் சட்டத்துக்கு அந்தரங்கம் என்று ஒன்று இல்லை. அதன்மேல் உட்காருகிறவனுக்கு அதைப் பற்றித் தெரிந்துகொள்ளுகிற பாத்தியதை உண்டு. அவன் கேட்காவிட்டாலும் உண்டு. கேட்கத் தெரியாதவனுக்கு இன்னும் அதிகமாக உண்டு.

இதை அம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "என் தங்கச்சிக்கு அது திரும்பி வந்திருந்தா, அந்த மனுஷன் தலையிலேதானே விழுந்திருக்கும்? அவரும் ஏறி உட்கார்ந்தவர்தானே அண்ணாச்சி?" என்றார். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். என் வாதத்தில் அந்த இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க எனக்கு இன்றுவரை தகடும் கிடைக்கவில்லை. பட்டி பார்க்க மனமும் இல்லை.

இன்னொரு தகராறும் உண்டு. இத்தனை வெட்டி மாற்றிய பிறகு அது அந்த 1968-ஆம் வருஷத்து ஜீப்தானா? கிரேக்க தேசத்தில் தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பலகை பலகையாக மாற்றிக் காப்பாற்றி வந்ததாகவும், அது அதே கப்பலா வேறு கப்பலா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டதாகவும் புளூட்டார்க் எழுதி வைத்தார். சர்க்கார் அவ்வளவு சிரமப்படுவதில்லை. சேஸிஸில் பொறித்த நம்பர் இருந்தால் அதே வண்டி, தீர்ந்தது. 2021-இல் வந்த விதிகளின்படி ஐம்பது வயது தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாக 'வி.ஏ.' எழுத்துப் போட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் இருபதினாயிரம் ரூபாய். ஆனால் சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கவேண்டும். அன்றாட உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டவும் கூடாது. சார்வாள் அந்தப் பக்கமே போகவில்லை. "பழசா இருக்கணும், பழசானதைச் சரி பண்ணவும் கூடாதுன்னா எப்படி? மனுஷனுக்கே இது முடியாதே" என்று சிரித்தார். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குக் கொண்டுபோய்ச் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டார். உப்பளத்துச் சாலையில் தூசி கிளப்பிய வண்டி இதுதானா என்ற சந்தேகம் அவருக்கு வந்ததே இல்லை. உடம்பில் பழைய இரும்பு எத்தனை பங்கு என்று அவர் கணக்குப் பார்க்கவும் இல்லை.

அவர் கணக்கு வைத்தது வேறொரு விதத்தில். ஆரம்பத்திலிருந்தே ஒரு பள்ளிக்கூட நோட்டில், எந்தத் தேதியில் எந்த இடம் வெட்டப்பட்டது, எத்தனை கேஜ் தகடு, மேலே என்ன பூச்சு, எத்தனை கை என்று பென்சிலால் எழுதிவந்தார். வாத்தியார் பழக்கம். நாலு மாசம் கழித்துப் போடிப் பக்கத்திலிருந்து தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றுகிற ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். யாரும் சொல்லாமலே வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனவர் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. அடியிலிருந்து தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்து, பேசியதில் அறுபதினாயிரம் குறைத்துக் கேட்டார். அந்தக் குறைவினால் முன் கூடத்துக்கும் அடுக்களைக்கும் மட்டுமே புதுத் தளம் போட முடிந்தது. பின் அறையில் இப்போதும் கட்டிலைச் சுவரோரமாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

சார்வாள் சாவியோடு நோட்டையும் கொடுத்தார். வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். 'முன்பக்கம், இடது சட்டம், மூடிய பகுதியின் உட்புறம்: பார்க்க முடியவில்லை' என்று எழுதியிருந்தது.

"இது என்ன சார்?"

"அந்த இடம் பெட்டி மாதிரி மூடியிருக்கு. உள்ளே கை போகாது. வெளியே தட்டினா சத்தம் நல்லாத்தான் இருக்கு. துளை வழியா மெழுகு உருக்கி ஊத்தியிருக்கேன். உள்ளே எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது."

வந்தவர் அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து அடையாளம் வைத்துக்கொண்டார். பிறகு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பணத்தை எண்ணத் தொடங்கினார்.